வெளியாட்களிடம் பேசுவதில்லை

போன மே மாதம் அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருந்தாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடித்த கையோடு வந்தவள். "மாமா, எப்பப் பார்த்தாலும் சொல்லிக்கிட்டே இருப்பீங்களே, அந்த ஸ்டார் ட்ரெக், அதைப் போடுங்களேன்" என்று அவளாகத்தான் கேட்டாள். எனக்கு வேறென்ன வேண்டும்? ராத்திரி சாப்பிட்டு முடித்து அடுக்களை விளக்கை அணைத்ததும் ஒரு எபிசோட், சில நாள் இரண்டு. ஸ்டார் ட்ரெக் என்பது அறுபதுகளில் அமெரிக்காவில் தொடங்கிய விண்வெளிக் கதை, அதே உலகத்தில் பிறகு பல தொடர்கள் வந்தன. அவற்றில் நெக்ஸ்ட் ஜெனரேஷனில் நான் பொறுக்கி வைத்திருந்த எபிசோடுகளில் தொடங்கி டீப் ஸ்பேஸ் நைனுக்கு வந்து சேர்ந்தோம். அவளுக்கு வோர்ஃபை ரொம்பப் பிடித்துப்போனது. கிளிங்கான் என்ற வேற்றுக்கிரகப் போர்வீரர் இனத்தில் பிறந்து மனிதர்களோடு வேலை பார்ப்பவர். நெற்றியில் வரப்பு வெட்டியதுபோல எலும்பு மேடு, லேசில் சிரிக்காத முகம், மானம் என்று வந்துவிட்டால் போட்டிருக்கும் சீருடையையும் கழற்றி வைக்கத் தயாரான ஆள்.

டீப் ஸ்பேஸ் நைனில் டிரிபிள் என்ற குட்டிப் பிராணிகளின் எபிசோட் வந்தபோது நான் ஒருநாள் நிறுத்தினேன். 1996இல் ஸ்டார் ட்ரெக்கின் முப்பதாவது ஆண்டுக்காக எடுக்கப்பட்ட எபிசோட் அது. புதிய தொடரின் ஆட்கள் காலத்தில் பின்னோக்கிப் போய், 1967 டிசம்பரில் ஒளிபரப்பான முதல் தொடரின் எபிசோடுக்குள்ளேயே நுழைந்துவிடுவார்கள். பழைய பிலிமிலேயே புதிய நடிகர்களை ஒட்டியிருப்பார்கள். அதனால் முதல் நாள் பழையதைப் போட்டுக் காட்டினேன். கே-7 விண்வெளி நிலையம், மதுக்கூடம், உரோமப் பந்து மாதிரி குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் டிரிபிள்கள். பாதி ஓடியதும் கேட்டாள். "மாமா, இதுல கிளிங்கான்லாம் எப்ப வருவாங்க?" அவர்கள் அப்போது திரையில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். "இவங்களா? இவங்க மீசை தாடி வச்ச மனுஷங்கதானே?" நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் அந்த இடம் வந்தது. அதே மதுக்கூடம். ஒரு மேசையில் புதிய தொடரின் ஆட்களான ஓடோ, ஓ பிரையன், டாக்டர் பஷீர், வோர்ஃப். வோர்ஃப் தலையில் எதையோ போட்டு நெற்றியை மூடிக்கொண்டு வந்திருக்கிறார். பக்கத்தில் கிளிங்கான்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மழமழவென்று நெற்றி. பிறகு எல்லோருடைய கண்ணும் வோர்ஃபிடம் வருகிறது. அவர்கள் கிளிங்கான்கள்தான், அது ஒரு நீண்ட கதை என்கிறார் அவர். மரபணுவில் ஏதாவது செய்தார்களா என்று ஓ பிரையன் கேட்கிறார். வைரஸால் ஏற்பட்ட மாற்றமா என்று பஷீர் கேட்கிறார். வோர்ஃப் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, இதை நாங்கள் வெளியாட்களிடம் பேசுவதில்லை என்று முடித்துவிடுகிறார்.

அவள் சிரித்தாள். அப்புறம், "சரி, உண்மையில என்ன ஆச்சு?" என்றாள். இந்தக் கேள்விக்காகத்தானே நான் ஒருநாள் காத்திருந்தேன். ஒன்பது வருடம் கழித்து 2005இல் என்டர்பிரைஸ் என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடர் கொடுத்த பதிலைச் சொன்னேன். கிளிங்கான்கள் மனிதர்களின் மேம்படுத்தப்பட்ட மரபணுவைத் தங்கள் உடம்பில் ஏற்றிப் பார்த்தார்கள், அது ஒரு காய்ச்சல் வைரஸோடு கலந்து கொள்ளைநோயாகப் பரவியது, மருந்து கிடைத்து உயிர் பிழைத்தார்கள், நெற்றி மேடு மட்டும் போய்விட்டது. ஓ பிரையன் கேட்டதும் சரி, பஷீர் கேட்டதும் சரி. பெருமையோடுதான் சொன்னேன். முப்பது வருட ஓட்டையை இவ்வளவு கச்சிதமாக அடைத்த தொடர் வேறெது?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள். "நோயினாலதான் நெத்தி போச்சுன்னா, அதுல மறைக்க என்ன மாமா இருக்கு? நோய் வந்ததுக்கு யாராவது வெட்கப்படுவாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அவள் ஊருக்குப் போன பிறகும் இந்தக் கேள்வி போகவில்லை.

நெற்றி மாறிய கதை

ரசிகர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான், ஆனாலும் வரிசை முக்கியம். 1967 மார்ச்சில் கோர் என்ற தளபதியோடு கிளிங்கான்கள் முதன்முதலில் வந்தபோது அவர்களுக்குப் பூசியதெல்லாம் முகத்தில் பழுப்பு வண்ணமும் தொங்கு மீசையும்தான். வாரம் ஒரு எபிசோட் எடுக்கும் தொலைக்காட்சியின் காசுக்கு அவ்வளவுதான் முடியும். (பனிப்போர் காலத்து அமெரிக்காவில் எதிரியை வரையும்போது கை தானாகவே பழுப்பு வண்ணத்தை எடுத்திருக்கிறது. சின்ன வயதில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தபோது எனக்கு இது உறைக்கவில்லை. அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது உறைத்தது. எலும்பு மேடு வந்தது ஒருவகையில் நல்லதுக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். அதன் பிறகு கிளிங்கான் முகம் பூமியில் யாருடைய முகமாகவும் இல்லை.)

1979இல் சினிமா வந்தது. பணம் வந்தது. முதல் காட்சியிலேயே கிளிங்கான் கப்பலின் தளபதி நெற்றியில் எலும்பு மேட்டோடு நிற்கிறார். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. தொடரை உருவாக்கிய ஜீன் ரோடன்பெரியின் நிலைப்பாடு எளிமையானது. அவர்கள் எப்போதும் இப்படித்தான் இருந்தார்கள், முன்னால் காட்டக் காசில்லை, அவ்வளவுதான். நாடகத்தில் அட்டைக் கிரீடம் வைத்தவரை ராஜாவாக நாம் ஏற்றுக்கொள்வதில்லையா? நியாயமான பதில். ஆனால் கதைக்கு வெளியே நின்று சொல்லும் பதில்.

ரசிகர்கள் கதைக்கு உள்ளேதான் பதில் தேடினார்கள். கிளிங்கான்களில் இரண்டு இனம் உண்டு, ஒன்று ஆண்ட காலத்தில் மற்றது ஒதுங்கியிருந்தது என்றார்கள் சிலர். மனிதர்களை எதிர்கொள்வதற்கென்றே மனித மரபணுவைக் கலந்து உருவாக்கிய கலப்புக் கிளிங்கான்கள் அவர்கள் என்றது 1980களில் வந்த ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம். ஒற்று வேலைக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்பது இன்னொரு கட்சி. எல்லாவற்றுக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள்.

1994இல் டீப் ஸ்பேஸ் நைன் ஒரு காரியம் செய்தது. அறுபதுகளின் மூன்று கிளிங்கான் தளபதிகள் கோர், கோலோத், காங் மூவரையும் கிழவர்களாகத் திரும்பக் கொண்டுவந்தது. அதே மூன்று நடிகர்கள். மூன்று பேர் நெற்றியிலும் எலும்பு மேடு. அந்த ஒரே ராத்திரியில் இரண்டு இனம் என்ற கட்சி சரிந்தது. அதே ஆள், அதே பெயர், இளமையில் மழமழ நெற்றி, முதுமையில் மேடு. ஒருவர் வாழ்நாளுக்குள்ளேயே ஏதோ நடந்திருக்கிறது. ஆனாலும் காசில்லாக் கட்சி தப்பித்துக்கொண்டது, ஏனென்றால் கதைக்குள் இருக்கும் யாரும் இந்த வித்தியாசத்தை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

1996இல் அதுவும் போயிற்று. ஒரே மேசையில் வோர்ஃபும், எதிரே மழமழ நெற்றிக்காரர்களும். கதாபாத்திரங்களே பார்த்துவிட்டார்கள், பார்த்து அதிர்ந்துவிட்டார்கள். இனி அது ஒப்பனைக்காரர் பிரச்சினை இல்லை, கிளிங்கான்களின் பிரச்சினை. அந்த எபிசோடின் வசனத்தை எழுதிய இருவரில் ஒருவரான ரொனால்ட் மூர், ரசிகராக நெக்ஸ்ட் ஜெனரேஷன் படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப்பார்க்கப் போனபோது கையில் ஒரு கதையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து எழுத்தாளரானவர். ரசிகர்கள் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட மாதிரியான ஊகங்களைத்தான் ஓ பிரையன் வாயிலும் பஷீர் வாயிலும் வைத்தார்கள். பதிலை மட்டும் வைக்கவில்லை. பதில் இருந்த இடத்தில் வோர்ஃபின் கூச்சத்தை வைத்தார்கள்.

கணக்குச் சரியாவது

ஓட்டை அடைக்கும் வேலையில் எனக்குத் தனியாக ஒரு மரியாதை உண்டு. உதாரணத்துக்கு செக்காவ் விவகாரம். 1967 பிப்ரவரியில் வந்த, முதல் தொடரின் முதல் சீசன் எபிசோடில் கான் என்ற வில்லன் என்டர்பிரைஸ் கப்பலுக்கு வருகிறான். கப்பல் அதிகாரி செக்காவ் அப்போது தொடரிலேயே இல்லை, இரண்டாவது சீசனில்தான் சேர்ந்தார். 1982இல் வந்த படத்தில் கான் செக்காவின் முகத்தைப் பார்த்ததும், உன்னை மறக்கவில்லை என்கிறான். பார்க்காத முகத்தை எப்படி மறக்காமல் இருப்பது? கப்பலில் 430 பேர், செக்காவ் கீழ்த்தளத்தில் எங்கோ வேலை பார்த்திருப்பார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ரசிகர்கள் அதோடு விடவில்லை. ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் கேப்டன் நாட்குறிப்பில் சொல்லும் நட்சத்திரத் தேதியை எடுத்து வரிசைப்படுத்தினார்கள். கான் வந்த எபிசோடின் தேதி 3141.9. செக்காவ் நன்றாகக் கண்ணுக்குத் தெரியும் ஒரு இரண்டாவது சீசன் எபிசோடின் தேதி 3018.2. ஒளிபரப்பில் பின்னால் வந்தது, கதைத் தேதிப்படி முன்னால் நடந்தது. ஆக, கான் வந்தபோது செக்காவ் கப்பலில் இருந்தார். எழுதியவர்கள் யோசிக்காமல் போட்ட எண்களிலிருந்து ஒரு மனிதரின் வேலைச் சான்றிதழைத் தயாரித்துவிட்டார்கள். அதை முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அதே சந்தோஷத்தோடுதான் 2005 பதிலையும் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது. வரவும் செலவும் நேராகிவிட்டது, புத்தகத்தை மூடலாம் என்று. அவள் கேட்டது கணக்கு இல்லை.

இன்னொரு ஓட்டையை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் தெரியும். 1966இல் வந்த எபிசோட் ஒன்றில், அதே கப்பலின் கேப்டன் கிர்க்கின் அகாடமி காலத்து நண்பன் கேரி மிட்செலுக்குத் திடீரென்று தெய்வ சக்தி மாதிரி ஒன்று வந்துவிடுகிறது. கிர்க்கைக் கொல்ல முடிவெடுத்து, நினைத்த மாத்திரத்தில் கல்லறை ஒன்றை உண்டாக்குகிறான். கல்லில் ஜேம்ஸ் ஆர். கிர்க் என்று இருக்கிறது. ஆனால் தொடர் முழுக்க அவர் ஜேம்ஸ் டி. கிர்க். அப்போது இன்னும் பெயர் முடிவாகவில்லை என்பது வெளியிலிருந்து வரும் பதில். ரசிகர்களின் பதில்களில் ஒன்று இது. தன்னைக் கடவுள் என்று நினைத்துக்கொண்டவன் நண்பனின் இனிஷியலைத் தப்பாகச் செதுக்குகிறான். அவன் இன்னும் கடவுள் ஆகவில்லை என்பதற்கு அந்த ஒரு எழுத்தே சாட்சி. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. ஓட்டை அடைபட்டதோடு நிற்கவில்லை, காட்சியே ஆழமாகிவிட்டது.

இனிஷியல் என்றதும் எங்கள் வீட்டுக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மு. நிலப் பத்திரத்தில் ரா. நான் கல்லூரியில் சேரும்போது சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன். "குமாஸ்தா தப்பா எழுதிட்டான்" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. எல்லாக் குடும்பத்திலும் ஒரு குமாஸ்தா இப்படித் தப்பாக எழுதித்தான் இருப்பார், நானும் விட்டுவிட்டேன். அப்பா காலமான பிறகு ஒருநாள் அத்தைதான் சொன்னார். தாத்தாவை ஐந்து வயதில் பிள்ளை இல்லாத அவருடைய பெரியப்பாவுக்குச் சுவீகாரம் கொடுத்திருக்கிறார்கள். ஏழு வருடம் அங்கே வளர்ந்து, அங்கேதான் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். அப்புறம் அவர்களுக்கே ஒரு பையன் பிறந்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறான். "உங்க தாத்தா சாகுற வரைக்கும் இதைப் பேச விட்டதில்ல. நீயும் வெளியில சொல்லிக்கிட்டிருக்காத" என்றார் அத்தை. அவரும் போய் நாலு வருடம் ஆகிறது. பேரன் என்ற உரிமையில் இங்கே எழுதுகிறேன்.

குமாஸ்தா தப்பாக எழுதினார் என்பது காசில்லாக் கட்சி மாதிரி. யாரையும் நோகடிக்காது. ஆனால் தாத்தா ஏன் எந்தக் கல்யாண வீட்டிலும் முதல் பந்தியில் உட்கார மாட்டார், யாராவது வந்து கையைப் பிடித்துக் கூப்பிடும் வரை ஏன் திண்ணையிலேயே இருப்பார் என்பதற்கு அந்தப் பதிலில் இடமே இல்லை. தகரப் பெட்டிக் கதையில் இருக்கிறது.

அவள் வைத்த பெயர்

ஜூன் மாதம் ஒருநாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது இந்த விஷயம் மறுபடி வந்தது. ரசிகர்கள் இப்படிச் செய்வதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். ஒட்டுப்போடுதல், ஓட்டை அடைத்தல், சப்பைக்கட்டு என்று எதுவும் சரியாக வரவில்லை. "வழுவமைதி மாமா" என்றாள் உடனே. பரீட்சைக்குப் படித்தது இன்னும் சூடாக இருந்திருக்கிறது.

எனக்குப் பளிச்சென்றது. இலக்கணப்படி பிழையாக இருந்தும், ஒரு காரணத்தால் பிழையில்லை என்று ஏற்றுக்கொள்வது வழுவமைதி. பசுமாட்டைப் பார்த்து என் அம்மை வந்தாள் என்றால் திணை தவறு, அஃறிணையை உயர்திணையாகச் சொல்கிறோம். ஆனால் அன்பில் சொன்னதால் அமைதி. உள்ளே சட்டை மாட்டிக்கொண்டே, இதோ வந்துட்டேன் என்று குரல் கொடுத்தால் காலம் தவறு, இன்னும் வரவில்லை. ஆனால் அவசரத்தில் சொன்னதால் அமைதி. நானே அவளை, பெண்பிள்ளையை, "சொல்லுடா" என்றுதான் கூப்பிடுகிறேன். பால் தவறு. அதுவும் அமைதி.

போனை வைத்த பிறகு பழைய நன்னூலை எடுத்துப் புரட்டினேன். திணையும் பாலும் மயங்குவதற்கு அது கொடுக்கும் காரணங்களைப் பாருங்கள். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு. மகிழ்ச்சியால் மயங்கலாம், கோபத்தால் மயங்கலாம், இழித்துச் சொல்வதற்காகவும் மயங்கலாம். பேசியவனுக்கு இலக்கணம் தெரியாது, அதனால் விட்டுவிடலாம் என்று எங்கும் இல்லை. இந்தப் பிழைக்குப் பின்னால் என்ன உணர்ச்சி இருந்தது என்றுதான் இலக்கணக்காரர் கேட்கிறார். உணர்ச்சி இருந்தால் பிழை அமைகிறது. இல்லாவிட்டால் அது வெறும் வழு.

அவள் மே மாதம் என்னிடம் கேட்டதும் இதைத்தான். நெற்றி ஏன் மாறியது என்பதற்குக் காரணம் சொல்லிவிட்டீர்கள், பின்னால் இருக்கும் உணர்ச்சி எங்கே என்று.

மறுபடி பார்த்தேன்

அந்த வாரக் கடைசியில் 2005 பிப்ரவரியில் ஒளிபரப்பான அந்த இரண்டு எபிசோடுகளையும் மறுபடி போட்டேன். என்டர்பிரைஸ் தொடர் நிறுத்தப்படுகிறது என்று அறிவிப்பு வந்த அதே மாதம் வந்தவை. முன்பு நான் பார்த்தது நெற்றியை மட்டும். வைரஸ் எப்படிப் பரவியது, மருந்து எப்படி வேலை செய்தது, சரி, பொருந்துகிறதா என்று. இந்த முறை ஆட்களைப் பார்த்தேன்.

மனிதர்களின் கப்பலில் இருக்கும் டாக்டர் ஃப்ளாக்ஸைக் கிளிங்கான்கள் கடத்திக்கொண்டு போகிறார்கள். அன்டாக் என்ற கிளிங்கான் விஞ்ஞானி அவரிடம் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையைச் சொல்கிறார். பூமியில் மேம்படுத்தப்பட்ட மனிதர்கள் சிலர் கிளிங்கான் கப்பல் ஒன்றைக் கைப்பற்றியிருந்தார்கள். மனிதர்கள் இப்படி ஒரு படையையே உருவாக்கினால் நாம் என்ன ஆவோம் என்று கிளிங்கான் பேரரசு பயந்துவிட்டது. அந்த மனிதக் கருக்களைக் கைப்பற்றி, அதன் மரபணுவை எடுத்துத் தங்கள் வீரர்களுக்குச் செலுத்தினார்கள். பலம் வந்தது, நெற்றி மேடு போனது, பிறகு துடித்துச் செத்தார்கள். செலுத்திக்கொண்டவர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே காய்ச்சல் இருந்தது. அதிலிருந்து தொற்றாகிவிட்டது.

நான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த சுருக்கத்தில் பயந்துவிட்டது என்ற சொல்லே இல்லை. பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று மார்தட்டும் சமூகம் பயந்திருக்கிறது. தன் ரத்தம்தான் பெரிது என்று வாழ்கிற சமூகம் எதிரியின் ரத்தத்தை எடுத்து ஊசியில் ஏற்றியிருக்கிறது. கடைசியில் எதிரியின் முகமே வந்துவிட்டது. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அந்தப் பயம் தெரியும், பிள்ளைகள் முகத்திலும் தெரியும், ஏனென்றால் மாற்றம் அடுத்த தலைமுறைக்கும் போகும்.

மருந்து கிடைத்த விதத்தையும் நான் சரியாகக் கவனித்திருக்கவில்லை. வைரஸை எதிர்க்கும் அணுக்கள் வேகமாக உருவாக ஒரு மனித உடம்பு வேண்டும் என்கிறார் ஃப்ளாக்ஸ். அவருடைய கப்பலின் கேப்டன் ஆர்ச்சர் தன் உடம்பைக் கொடுக்கிறார். அவரை வைத்துக் கட்டி, கிருமியைச் செலுத்துகிறார்கள். அவர் அலறுகிறார். கொஞ்ச நேரத்துக்கு அவர் நெற்றியில் மேடு எழும்புகிறது. மனிதன் நெற்றியில் மேடு, கிளிங்கான் நெற்றி மழமழ. காட்சி சில நிமிடம்தான். நான் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன். பயந்து திருடியதற்காக அழிய இருந்த ஒரு கூட்டம், யாருக்குப் பயந்தார்களோ அவன் உடம்பிலிருந்து எடுத்த மருந்தால் பிழைத்திருக்கிறது. கிளிங்கான் ஒருவனால் இதை எப்படி வெளியே சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு இன்னொன்றும் தோன்றியது. இதை எந்த எபிசோடும் சொல்லவில்லை, இது என்னுடைய ஒட்டு. வோர்ஃப் மனிதர்கள் வளர்த்த பிள்ளை. கிட்டோமர் படுகொலையில் பெற்றோரை இழந்த சிறுவனை ரோஷென்கோ தம்பதி எடுத்து வளர்த்தார்கள். கிளிங்கான்கள் அவரை முழுக் கிளிங்கானாக ஏற்றுக்கொள்ளத் தயங்கிய காலம் உண்டு. இரண்டு முறை அவர் குடும்பப் பெயரைப் பறித்திருக்கிறார்கள். அதனாலேயே மற்ற கிளிங்கான்களைவிட அவர் சடங்குகளை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் கே-7இல், மனிதர்களோடு ஒரே மேசையில், நெற்றியை மூடிக்கொண்டு உட்கார்ந்து, மனித ரத்தம் கலந்ததால் முகம் மாறிய தன் முன்னோர்களைப் பார்க்கிறார். அந்த மேசையில் இருப்பவர்கள் அவருடைய நண்பர்கள். அவர்களைப் பார்த்துத்தான் வெளியாட்கள் என்கிறார். நண்பர்களைத் தள்ளி வைக்கும் சொல் என்றுதான் இத்தனை நாள் கேட்டிருந்தேன். இந்த முறை, தான் உள்ளே இருப்பவன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி கேட்டது. தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

ராத்திரி பதினொரு மணி. பரவாயில்லை என்று அக்கா மகளுக்குப் போன் செய்தேன். பயத்தைப் பற்றிச் சொன்னேன், ஆர்ச்சர் நெற்றியைப் பற்றிச் சொன்னேன், வோர்ஃப் வளர்ந்த வீட்டைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். "இப்ப சரி மாமா" என்றாள். "முதல்லயே இதைச் சொல்லியிருந்தீங்கன்னா நான் அந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டேன்." அவள் கேட்காமல் இருந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்காது என்றேன்.

அடைத்த ஓட்டை அப்படியே இருக்கவில்லை என்பதும் ரசிகர்களுக்குத் தெரியும். 2017இல் டிஸ்கவரி தொடர் வந்தது. கதைப்படி கிர்க் காலத்துக்குச் சுமார் பத்து வருடம் முன்னால். நம் கணக்குப்படி பல கிளிங்கான்களுக்கு மழமழ நெற்றி இருக்க வேண்டிய காலம். வந்தவர்களோ நீண்ட மண்டையும் ஒரு மயிர்கூட இல்லாத தலையுமாக, முன்பு பார்த்த யார் மாதிரியும் இல்லாமல் வந்தார்கள். பழைய ரசிகர்கள் நிறையப் பேர் கொதித்தார்கள். எனக்கும் வருத்தம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. முப்பத்தெட்டு வருடம் பல கை பட்டு உருவான ஒன்றை ஒரே ஒப்பனை அறையில் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று தோன்றியது.

போன வாரம் அவளிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. டிஸ்கவரி முதல் சீசனை அவளாகவே பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். வழுக்கைத் தலைக் கிளிங்கான் படம், கீழே மூன்று கேள்விக்குறி. நான் பதில் யோசிப்பதற்குள் அவளே குரல் செய்தி அனுப்பினாள்.

"மாமா, எனக்கு ஒண்ணு தோணுது. இந்த சீசன் பூரா சண்டைதானே. சண்டைக்குப் போறப்ப மொட்டை போட்டிருப்பாங்க மாமா. நம்ம ஊர்ல வேண்டிக்கிட்டுப் போடுற மாதிரி. ஜெயிச்சாத்தான் முடி வளர்ப்போம்னு."

இரண்டாவது சீசனை அவள் இன்னும் பார்க்கவில்லை. போர் முடிந்த பிறகு வரும் அந்த சீசனில் கிளிங்கான்களுக்கு முடி வளர்ந்திருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாருடா, பார்த்துவிட்டுப் பேசு என்று மட்டும் அனுப்பினேன்.